எஃப்டி8 இருக்கும்போது டிட்-டா எதற்கு?

மார்ச் 2, மாலை 6.10 (கேட்டவர்)

ஹாம் ரேடியோ உரிமத்தில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு முடித்து வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கியாயிற்று. அடுத்த கிரேடான ஜெனரலுக்குப் போனால் மோர்ஸ் தேர்வு உண்டு: நிமிடத்துக்கு 8 சொல், ஐந்து நிமிடம், 200 எழுத்து. கப்பல்கள் 1999-லேயே கைகழுவிவிட்டன. தந்தி சேவையை 2013 ஜூலையில் இழுத்து மூடினார்கள். லேப்டாப்பில் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையைப் போட்டால் அது பாட்டுக்கு உலகம் சுற்றுகிறது. இன்னும் இந்த டொக்குடொக்கைப் பிடித்துத் தொங்குவதற்குப் பழம்பெருமை தவிர வேறு காரணம் உண்டா? தேர்வுக்கு மட்டும் ஒப்பேற்றினால் போதாதா?

மார்ச் 2, இரவு 9.40

ஒப்பேற்றலாம். சிக்கலே அங்கேதான். 8 சொல் வேகத்தில் ஒரு டிட், அதாவது புள்ளி, 150 மில்லிசெகண்ட். புள்ளி எத்தனை, கோடு எத்தனை என்று மனசுக்குள் எண்ணி, அட்டவணையைப் புரட்டி, எழுத்தை எழுதி முடிக்க நேரம் கிடைத்துவிடும். அப்படித் தேறுகிறவர்கள் 10 சொல் பக்கம் வந்ததும் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். 20 சொல்லில் டிட் 60 மில்லிசெகண்ட்தான். எண்ண ஆரம்பிக்கும்போதே அடுத்த எழுத்து வந்து நிற்கும். அதற்குப் பிறகு எண்ணுகிற பழக்கத்தை மறக்கப் பாடுபட வேண்டும். புதிதாகப் படிப்பதைவிட அது பெரிய தொல்லை.

கணக்கு வேண்டுமென்றால்: 1200-ஐச் சொல் வேகத்தால் வகுத்தால் டிட்டின் நீளம், மில்லிசெகண்டில்.

பழம்பெருமைக்கு நாளை வருகிறேன்.

மார்ச் 3, காலை 7.05

பழம்பெருமை என்றால் கட்டாயம் நீங்கியதும் ஓய்ந்திருக்க வேண்டும். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்க மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற சர்வதேச விதியை 2003 ஜெனீவா மாநாடு தளர்த்தி, அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டது. பிரிட்டன் அந்த ஆண்டே எடுத்துவிட்டது. அமெரிக்கா 2007 பிப்ரவரியில். கைக் கீ, அதாவது மோர்ஸ் அடிக்கும் கைவிசை, பிரியர்களுக்கான எஸ்கேசிசி சங்கம் தொடங்கியது 2006-ல், சிடபிள்யூஆப்ஸ் என்ற மோர்ஸ் சங்கம் 2010-ல். ஆண்டுகளைக் கவனியுங்கள். இரண்டாவது சங்கம் ஆன்லைனில் இலவச வகுப்பு நடத்துகிறது, அதற்கும் ஆள் சேர்கிறது. யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை.

எஃப்டி8-ஐ மட்டம் தட்டவும் போவதில்லை. 2017-ல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கேயும் கொண்டுவந்தது. 50 ஹெர்ட்ஸ் அகலம், 15 செகண்ட் சுற்று. 2500 ஹெர்ட்ஸ் அகலத்து இரைச்சலோடு ஒப்பிட்டு மைனஸ் 21 டெசிபல் வரை பிடிக்கும். காதால் கேட்கும் மோர்ஸ் சுமார் மைனஸ் 15. வித்தியாசம் 6 டெசிபல், அதாவது நாலு மடங்கு சக்தி. அந்தப் பந்தயத்தில் மோர்ஸ் தோற்றுவிட்டது, ஒத்துக்கொண்டு மேலே போவோம்.

ஆனால் அந்த 6 டெசிபலுக்கு விலை உண்டு. ஒரு கணினி, ஒலி இணைப்பு, ஒரு செகண்டுக்குள் சரியாக ஓடும் கடிகாரம். இத்தனையும் சேர்ந்து அனுப்புவது இரண்டு அழைப்புக்குறி, இருப்பிடத்தைச் சொல்லும் ஒரு கட்ட எண், ஒரு சிக்னல் அளவு, வாழ்த்துக்கு ஒரு 73. நடுவில் "உங்க ஊரில் மழையா?" என்று கேட்க இடமில்லை.

மார்ச் 3, இரவு 10.30

காலையில் எழுதிய மைனஸ் 15 பழகிய காதுக்கு, மெதுவான வேகத்துக்கு. 25 சொல் வேகத்தில் அடித்துக்கொண்டு அதே எண்ணை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். "கைதேர்ந்த காது" என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன்.

உண்மையில் ஒப்பிட வேண்டியது குரலோடு. எஸ்எஸ்பி என்ற முறையில் அனுப்பும் குரலுக்கு 2400 ஹெர்ட்ஸ் அகலம் திறந்து வைக்க வேண்டும். அந்த அகலம் முழுக்க இரைச்சலும் உள்ளே வரும். மோர்ஸுக்கு 240 ஹெர்ட்ஸ் போதும். பத்தில் ஒரு பங்கு அகலம், பத்தில் ஒரு பங்கு இரைச்சல், 10 டெசிபல் லாபம். உங்கள் 10 வாட் கீயில் செய்வதைக் குரலில் செய்ய 100 வாட் கேட்கும். மின்கம்பி ஒழுகல், எல்இடி பல்பு, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் எல்லாம் இரையும் தெருவில் இந்தப் பத்து டெசிபல்தான் தொடர்பு கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் நடுவில் நிற்கும்.

அதற்கு மேல் காதே ஒரு வடிகட்டி. 600 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதன் அகலம் சுமார் 100 ஹெர்ட்ஸ். மூன்று பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுருதியில் அடித்தாலும் வேண்டியவரை மட்டும் பிடித்துக்கொள்ளலாம், கச்சேரியில் வயலினை மட்டும் தொடர்கிற மாதிரி. சுருதியைக் குறைத்தால், 450 அல்லது 500-க்கு, பிரிப்பது இன்னும் எளிது. பல ரிக்குகள், அதாவது ரேடியோ பெட்டிகள், 600, 700 பக்கம் வரும். மெனுவில் போய் இறக்கிப் பாருங்கள்.

மார்ச் 4, மதியம் 1.15

"வடிகட்டி 250-ல் வைத்தால் ஏதோ வாளிக்குள் இருந்து கேட்கிறது" என்று ஒருவர். ஆமாம், குறுகிய வடிகட்டி மணி மாதிரி அதிரும். இரைச்சல்கூட ஒரு சுருதியில் முனக ஆரம்பிக்கும். தேடும்போது 500. ஆள் கிடைத்து, பக்கத்தில் இன்னொருவர் இடித்தால் மட்டும் 250.

மார்ச் 4, இரவு 9.00

இப்போது படிக்கும் முறை. அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருந்தால் கிழித்துப் போடுங்கள். புள்ளி, கோடு என்று கண்ணால் படித்தது எதுவும் காதுக்கு உதவாது.

காக் முறை: 1930-களில் ஜெர்மனியில் லுட்விக் காக் என்ற உளவியல் ஆய்வாளர் வகுத்தது. எழுத்துகளை முதல் நாளே முழு வேகத்தில், 20 சொல் வேகத்தில் கேட்க வேண்டும். ஆனால் இரண்டே எழுத்து: கே, எம். −·− ஒன்று, −− ஒன்று. ஐந்தைந்து எழுத்தாக வரும், எழுதுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியானால் மூன்றாவது எழுத்து. 90-க்கு மேல் வந்தும் "இன்னும் கொஞ்சம் உறுதியாகட்டும்" என்று அதிலேயே உட்காருவது பலர் செய்யும் தப்பு. ஏறிக்கொண்டே போங்கள்.

ஒரு நாளைக்கு 15 நிமிடம் இரண்டு தடவை. ஒரு மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார்ந்தால் கடைசி அரை மணி தப்புகளைத்தான் பழக்கும்.

எழுத்து விட்டுப்போனால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். விட்டதை யோசித்தால் பின்னால் வரும் மூன்றும் போச்சு. இது ஒன்றைப் பழகவே ஒரு வாரம் தேவை.

மார்ச் 5, காலை 6.50

டிட், டா என்று வாயால் சொல்லிப் பழகுவது நல்லதுதான். ஆனால் தமிழ் நாக்கு இங்கே ஒரு குழி வைத்திருக்கிறது. "டி" குறில், ஒரு மாத்திரை. "டா" நெடில், இரண்டு மாத்திரை. மோர்ஸில் கோடு புள்ளியைப் போல மூன்று மடங்கு. ஆகவே கோடு என்பது நெடிலே இல்லை, அளபெடை. "டாஅ" என்று மூன்று மாத்திரை இழுக்க வேண்டும். கைக் கீயில் புதிதாக அடிக்கும் நம்மவர்களிடம் கோடு மொட்டையாக, புள்ளியா கோடா என்று தெரியாமல் விழுவதில் இந்த நெடில் பழக்கத்துக்கும் பங்கு இருக்கிறது என்பது என் சந்தேகம்.

மௌனத்துக்கும் மாத்திரை உண்டு. எழுத்துக்குள் இடைவெளி 1, எழுத்துக்கும் எழுத்துக்கும் 3, சொல்லுக்கும் சொல்லுக்கும் 7. பாரிஸ் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, கடைசி 7-ஐயும் சேர்த்தால் சரியாக 50. அதனால்தான் வேகத்தை அந்தச் சொல்லால் அளக்கிறார்கள்.

மார்ச் 5, இரவு 8.20

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் மிருதங்கம் வாசிப்பவருக்கு மோர்ஸ் சுலபமா?" என்கிறார். காலப்பிரமாணம் பிடிக்கும் கைக்கு அனுப்புவது சீக்கிரம் வரும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஒரு எச்சரிக்கை: தாளம் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். மோர்ஸில் அடுத்த அடி எங்கே விழும் என்பதை எழுத்து தீர்மானிக்கும். எழுத்துகளை ஆதிதாளத்துக்குள் அடைக்கப் பார்த்தால் இடைவெளி எல்லாம் கோணல்.

இடைவெளி கோணினால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். நம் அழைப்புக்குறியையே பாருங்கள்.

வி: ···−
யு: ··−
3: ···−−

வி-க்கும் யு-க்கும் நடுவில் மூன்று மாத்திரை விடாமல் ஒட்டி அடித்தால் ···−··−. அது டாலர் குறி. சர்வதேசப் பட்டியலில் இல்லாவிட்டாலும் பல அட்டவணைகளில் இருக்கிறது. வி-யின் கடைசிக் கோட்டுக்கு முன்னால் கொஞ்சம் தயங்கினால் ··· −, எஸ்-டி ஆகிவிடும். ஒரு புள்ளி கூடினால் ····−, நாலு. மூன்றும் தினமும் காதில் விழுகிற பிழைகள். இலங்கைக்காரருக்கு 4எஸ்7: அந்த ஏழை −− ··· என்று உடைத்தால் எம்-எஸ். சிங்கப்பூர் 9வி1 நீளம்தான், ஆனால் தப்பாகக் கேட்பது கடினம்.

உங்கள் குறியைத் தினமும் ஐம்பது தடவை அடித்துப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அடித்த அன்றே கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், காது தானாகத் திருத்திக்கொள்ளும்.

மார்ச் 6, இரவு 9.30

பயிற்சி ஒலிப்பான். மொபைல் செயலி போதும் என்பவர்களுக்கு வாக்குவாதமில்லை. திரையைத் தொட்டு அடிப்பது கீ அடிப்பதாகாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

555 டைமர் ஐசி, 9 வோல்ட் பேட்டரி. 8-ம் கால் பாசிட்டிவ், 1-ம் கால் நெகட்டிவ். 8-க்கும் 7-க்கும் நடுவில் 1 கிலோ ஓம். 7-க்கும் 6-க்கும் நடுவில் 10 கிலோ ஓம். 6-ஐயும் 2-ஐயும் சேர்த்துக் கட்டி, அங்கிருந்து நெகட்டிவுக்கு 0.1 மைக்ரோஃபாரட். 5-ம் காலிலிருந்து நெகட்டிவுக்கு 0.01. 3-ம் கால் வெளியீடு: 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், அதன் பாசிட்டிவ் முனை ஐசி பக்கம், பிறகு 100 ஓம், பிறகு 8 ஓம் ஸ்பீக்கர். இந்த மதிப்புகளுக்குச் சுருதி சுமார் 690 ஹெர்ட்ஸ். இறக்க வேண்டுமானால் 10 கிலோவை 15 ஆக்குங்கள், 465 வரும்.

கீயைப் பேட்டரிக் கம்பியில் வைக்காதீர்கள். ஒவ்வொரு டிட்டுக்கும் முழுச் சுற்றும் செத்துப் பிழைக்கும், ஆரம்பம் கரகரக்கும். 4-ம் காலை 10 கிலோ ஓம் வழியாக நெகட்டிவுக்கு இழுத்து வைத்து, கீ அழுத்தும்போது அது பாசிட்டிவைத் தொடட்டும்.

கீ வாங்கக் காசில்லையென்றால் ஹேக்சா பிளேடு. பாதியாக உடைத்து, இரண்டு முனையிலும் பெயின்டைத் தேய்த்தெடுத்து, ஒரு முனையை மரப்பலகையில் திருகி, மறுமுனைக்குக் கீழே ஒரு பித்தளைத் திருகு. மேலே மேசை டிராயர் குமிழ். பல்லை டேப் சுற்றி மூடவும், விரல் போய்விடும்.

மார்ச் 7, காலை 7.30

திருத்தம், முக்கியமானது. நேற்றுச் சொன்ன 100 ஓம் ஸ்பீக்கருக்கு மட்டும். அதே இடத்தில் ஹெட்போனைச் செருகினால் 25 மில்லிவாட் அளவுக்குக் காதுக்குள் போகும், அது வலிக்கிற சத்தம். ஹெட்போனுக்கு 100 ஓமை எடுத்துவிட்டு 4.7 கிலோ ஓம் போடுங்கள். முதலில் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக் கேட்டுவிட்டு மாட்டவும்.

மார்ச் 8, இரவு 10.10

கீயைச் சரிசெய்வது. முழங்கை மேசைமேல், மணிக்கட்டு ஆட வேண்டும், விரல் ஆடக் கூடாது. குமிழைக் கட்டைவிரலும் இரண்டு விரலும் பிடித்திருக்கட்டும். மேலிருந்து குத்துவது தபால் முத்திரை குத்துகிற வேலை. தொடுமுனை இடைவெளிக்கு ஏ4 தாளை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர். கைக் கீக்கு மூன்று நாலு தாள், பேடிலுக்கு (ஒரு பக்கம் புள்ளி, மறுபக்கம் கோடு தரும் கீ) ஒன்று. இடைவெளி அதிகமானால் புள்ளிகள் மெலியும், குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தாலும் அதேதான்.

தொடுமுனை கறுத்தால் உப்புத்தாள் வேண்டாம், வெள்ளிப் பூச்சு போய்விடும். வெறும் வெள்ளைத் தாள் துண்டை நடுவில் வைத்து, மெதுவாக அழுத்தியபடி இழுத்தெடுங்கள். இரண்டு தடவை போதும்.

கைக் கீயில் 18, 20 சொல்லுக்கு மேல் நாள் முழுக்க அடித்தால் மணிக்கட்டு வலிக்கும். அந்தக் காலத் தந்தி ஆபரேட்டர்களை முடக்கிய வலி இதுதான்.

மார்ச் 8, இரவு 10.45

விட்டுப்போனது: பேடில் பிளக். 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ. நுனி புள்ளி, நடு வளையம் கோடு, அடிப்பகுதி பொது. மோனோ பிளக் போட்ட கைக் கீயை, ரிக் பேடில் நிலையில் இருக்கும்போது செருகினால் நடு வளையம் பூமியோடு சேர்ந்துவிடும். ரிக் டா டா டா என்று தானே கத்த ஆரம்பிக்கும். ரிலே போய்விட்டது என்று பயந்து மூடியைத் திறக்காதீர்கள், மெனுவில் ஸ்ட்ரெய்ட் என்று மாற்றுங்கள்.

மார்ச் 10, மாலை 5.20

"சி அடித்தால் கே போகிறது, கீயர் பழுதா?" என்று கேள்வி. பேடிலுக்குப் புள்ளியும் கோடும் உண்டாக்கும் சுற்றுதான் கீயர். பழுதில்லை. பேடிலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்தினால் புள்ளியும் கோடும் மாறி மாறி வரும். விடும்போது என்ன நடக்கும் என்பதில் இரண்டு கட்சி. ஏ நிலையில், போய்க்கொண்டிருப்பதை முடித்து நிற்கும். பி நிலையில், முடித்துவிட்டு எதிர்ப்பக்கத்து ஒன்றைக் கொசுறாகச் சேர்க்கும். பி-யில் பழகியவர் −·−· அடிக்கும்போது இரண்டாவது கோட்டிலேயே கையை எடுத்துவிடுவார், கடைசிப் புள்ளி தானாக வரும் என்ற நம்பிக்கையில். ரிக் ஏ-யில் இருந்தால் வராது, −·− மட்டும் போகும், கே. தலைகீழாக, ஏ-யில் பழகியவர் பி ரிக்கில் ·− அடித்தால் ·−· ஆகும், ஆர். மெனுவில் ஒரே ஒரு வரி. கிளப் ரிக்கில் உட்காரும் முன் முதலில் இதைப் பாருங்கள்.

மார்ச் 11, இரவு 9.50

கொஞ்சம் சும்மா. 73 என்று முடிக்கிறோமே, அடித்துப் பாருங்கள்: −−··· ···−−. முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒன்றே. விகடகவி. மாலைமாற்றுப் பாட்டு எழுதியவர்கள் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

"வணக்கம் என்றே தொடங்கலாமே" என்றொருவர். தாராளமாக. ஆங்கில எழுத்தில் எட்டு எழுத்து, கடைசி இடைவெளியோடு 82 மாத்திரை, 20 சொல் வேகத்தில் ஐந்து செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 73-க்கு 36 மாத்திரைதான். வணக்கத்தில் இரண்டு கே அடுத்தடுத்து வருவதால் கைக்கு ஒரு சுகமும் உண்டு.

பழைய நோக்கியாவில் குறுஞ்செய்தி வந்தால் ··· −− ··· என்று அடிக்கும். அது எஸ்ஓஎஸ் என்று இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். எஸ்எம்எஸ். நடுவில் இரண்டே கோடு.

மார்ச் 13, காலை 6.40

ரொம்ப யோசித்தபின் ஒரு திருத்தம், 4-ம் தேதி எழுதியதற்கு. எழுத்தை 20 வேகத்தில் கேட்டு, எழுத்துகளுக்கு நடுவில் மட்டும் இடைவெளியை நீட்டி மொத்த வேகத்தை 8-க்கு இறக்கலாம். ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்பார்கள். நீண்ட காலத்துக்கு அதுதான் சரி. ஆனால் தேர்வு அறையில் எழுத்தே 8 வேகத்தில் வந்தால், 60 மில்லிசெகண்டில் பழகிய காதுக்கு 150 மில்லிசெகண்ட் டிட் இழுவையாக, வேறு பாஷை மாதிரி கேட்கும். தெரிந்த எழுத்தே தடுமாறும். கடைசி இரண்டு வாரம் மட்டும், தினம் பத்து நிமிடம், அசல் 8 சொல் வேகத்தில் கேளுங்கள். தேர்வு முடிந்ததும் அதை விட்டுவிடுங்கள்.

மார்ச் 14, இரவு 10.00

"யாரும் பதில் தருவதில்லை" என்ற புலம்பல் மூன்று பேரிடமிருந்து. சக்தி குறைவு என்று எல்லாரும் முடிவு கட்டுகிறார்கள். முதலில் சுருதியைப் பாருங்கள்.

எதிர் ஆளின் ஒலி, உங்கள் ரிக்கின் சைடுடோன் (நீங்கள் அடிப்பது உங்களுக்கே கேட்கும் ஒலி), இரண்டும் ஒரே சுருதியில் கேட்க வேண்டும். ரிக் 600-ல் இருக்க, நீங்கள் அவரை 1000-ல் கேட்டுக்கொண்டு பதில் அடித்தால், அவருக்கு 400 ஹெர்ட்ஸ் தள்ளிப் போகும். அவர் 250 வடிகட்டி போட்டிருந்தால் நீங்கள் அந்த உலகத்திலேயே இல்லை. சைடுடோனை மட்டும் ஒலிக்கும் ஸ்பாட் பட்டன் இருந்தால் அழுத்திக்கொண்டு டயலைத் திருகுங்கள். சுருதிப்பெட்டியோடு தம்புராவைச் சேர்ப்பது போலத்தான், இரண்டும் ஒன்றாகி அலை அடங்க வேண்டும்.

நேரடி மாற்று (டைரக்ட் கன்வர்ஷன்) ரிசீவர் உள்ள சின்ன கிட்களில் இன்னொரு வம்பு. ஒரே நிலையம் டயலில் இரண்டு இடத்தில் கேட்கும், நடுப்புள்ளிக்கு இரு பக்கமும். தப்பான பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னால் 1200 ஹெர்ட்ஸ் தள்ளிப் போவீர்கள். எந்தப் பக்கம் சரி என்பதை ஒரே ஒரு தடவை வேறொரு ரிசீவரில் கேட்டுத் தெரிந்துகொண்டு டயலில் மார்க்கர் பேனாவால் குறித்துவிடுங்கள்.

மார்ச் 15, மதியம் 2.30

அதோடு ஒட்டியது. பிக்ஸி என்ற சின்ன கிட்டில் 7.023 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அரை வாட் அளவு. இரவில் ஆன்டெனா மாட்டியதும் வானொலி நிலையம் பாடுகிறதென்றால் கிட் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. 7.2-க்கு மேலே சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள் பெரும் சக்தியில் நிற்கின்றன, கிட்டின் முன்வாசலில் கதவே கிடையாது. ஆன்டெனா பக்கம் 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பேண்ட்பாஸ் வடிகட்டி வைத்தால் பாதி அடங்கும்.

கீ அழுத்தும்போது சுருதி "க்வீக்" என்று வழுக்கினால் வோல்ட்டேஜ் சரிகிறது. பேட்டரி களைத்திருக்கும், அல்லது ஆஸிலேட்டருக்குத் தனி ரெகுலேட்டர் இல்லை. பக்கத்து அலைவரிசைக்காரர் "டக் டக் கேட்கிறது" என்று திட்டினால் அது வேறு நோய்: சிக்னல் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. ஏறவும் இறங்கவும் ஐந்து மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும்படி வளைத்துவிட்டால் கிளிக் போய்விடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தப்பான கெப்பாசிட்டரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

மார்ச் 16, இரவு 9.15 (கேட்டவர்)

கே, எம், யு, ஆர், இ வரை வந்தாயிற்று சார். அட்டவணையைக் கிழித்துவிட்டேன். அடிப்பதற்கு முன்னால், கேட்க மட்டும், நிஜமான சிக்னல் ஏதாவது வேண்டும். ரேடியோவில் எல்லாரும் பறக்கிறார்கள்.

மார்ச் 16, இரவு 10.20

14.100 மெகாஹெர்ட்ஸ். உலகம் முழுக்க தானாக அடையாளம் அனுப்பும் 18 பீக்கன் நிலையங்கள் மூன்று நிமிடச் சுற்றில் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே வரும். ஒவ்வொன்றுக்கும் பத்து செகண்ட். அழைப்புக்குறி 22 சொல் வேகத்தில், பிறகு நாலு நீண்ட கோடு. முதல் கோடு 100 வாட், இரண்டாவது 10, மூன்றாவது 1, நாலாவது 0.1. யார் எப்போது என்பது கடிகாரத்தில் எழுதி வைத்தாற்போல் இருப்பதால், பெயர் தெரிந்தே காது கொடுக்கலாம். புதியவருக்கு இதைவிடப் பொறுமையான வாத்தியார் இல்லை. எந்த நிலையம் இப்போது இயங்குகிறது என்பதை அத்திட்டத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலும் ஒன்று உண்டு, 4எஸ்7பி. சுற்றின் 1 நிமிடம் 30 செகண்டில் வரும். கடிகாரம் 3-ஆல் வகுபடும் நிமிடத்தில் சுற்று தொடங்கும்.

அழைப்பு அடிக்க ஆரம்பித்ததும் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து வையுங்கள். சிக்யூவும் (பொது அழைப்பு) குறியும் இரண்டு தடவை ஒழுங்காக அடித்தால், உங்களை எந்த நாட்டு ரிசீவர் எத்தனை டெசிபலில் கேட்டது என்று அரை நிமிடத்தில் வந்து நிற்கும். இடைவெளி கோணினால் குறி தப்பாக வரும், அதுவும் ஒரு மார்க் ஷீட்தான். அதற்கு முன் உங்கள் உரிமத்தில் எந்த அலைவரிசை, எந்த முறை என்று படித்துவிடுங்கள்.

மார்ச் 18, மாலை 7.40 (கேட்டவர்)

இரண்டு நாளாகக் கொழும்பைத் தேடுகிறேன். மதுரையிலிருந்து கைக்கெட்டும் தூரம், ஒன்றுமே இல்லை. 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) டைபோல் ஆன்டெனாவில் 14-ஐக் கேட்பதாலா?

மார்ச் 18, இரவு 9.05

அந்த டைபோல் 14-க்கு ஏற்றதில்லை, இருந்தாலும் கேட்பதற்கு ஒப்பேறும். தப்பு என்னுடையது. கொழும்பு உங்களுக்கு ரொம்பப் பக்கம். தரையலை அவ்வளவு தூரம் வராது. 14 மெகாஹெர்ட்ஸ் வான அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி விழுவது பெரும்பாலும் உங்கள் தலைக்கு மேலே தாண்டி, வெகு தொலைவில். நடுவில் இருக்கிற மௌன வளையத்துக்குள் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பத்து செகண்ட் முன்னால் கேளுங்கள். 1 நிமிடம் 20-ல் ஹாங்காங், விஆர்2பி: ···− ·−· ··−−− −···. அல்லது 1 நிமிடம் 50-ல் கென்யா, 5இசட்4பி: ····· −−·· ····− −···. ஹாங்காங்கில் வி-யும் ஆர்-உம் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கப்பட்ட ஒலி. சாயங்காலம் இருட்டுவதற்கு முன், வீட்டு எல்இடி பல்புகளையும் மொபைல் சார்ஜரையும் பிடுங்கிவிட்டு, ரிக்கைப் பேட்டரியில் ஓட்டுங்கள். குறியைப் பிடிக்க முடியாவிட்டாலும் கோடுகளை எண்ணுங்கள். மூன்றாவது கோடு காதில் விழுந்தால் அது ஒரு வாட்.

மார்ச் 19, இரவு 8.10 (கேட்டவர்)

விஆர்2பி. இரண்டு கோடு தெளிவாக. மூன்றாவது இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

மார்ச் 19, இரவு 8.25

சுருதியை 500-க்கு இறக்கிவிட்டு இன்னொரு சுற்று கேளுங்கள்.